அடத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

மாலை ஐந்தேகால் மணி இருக்கும். சிங்கப்பூரின் யீஷூனில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். பாலர் பள்ளியிலிருந்து பாட்டியுடன் திரும்பிய நான்கு வயதுப் பையன் மின்தூக்கியை நோக்கி ஓடுகிறான். அவன் விரல் பொத்தானைத் தொடுவதற்குள், கையில் சாப்பாட்டுப் பொட்டலத்துடன் நின்றிருந்த பெரியவர் ஒருவர் அதை அழுத்திவிடுகிறார். அவ்வளவுதான், பையன் தரையில் விழுந்து புரள்கிறான். தூக்க வந்த பாட்டியின் கையைக் கடிக்கிறான். மின்தூக்கி மூன்று முறை வந்து, திறந்து, காலியாகவே மேலே போகிறது.

அன்றிரவு அந்த வீட்டில் கண்ணேறு பட்டிருக்கிறது என்றார் பாட்டி. எல்லாரும் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றார் அப்பா. அம்மா எதுவும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "அவன் ஏன் இப்படி இருக்கிறான், டீச்சர்?" என்று கேட்டார்.

பாலர் பள்ளியில் கற்றல் ஆதரவு ஆசிரியையாக இருந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதமே இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஓர் அடிகூட நகர முடியாது. "ஏன் இப்படி இருக்கிறான்" என்று கேட்டால் பிள்ளையின் குணத்தைத்தான் குறை சொல்ல முடியும், அல்லது நம்மையே நொந்துகொள்ள முடியும். "அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது" என்று கேட்டால், செய்வதற்கு ஏதோ ஒன்று கையில் அகப்படும். சமாளிக்கக் கடினமான நடத்தையை முதன்முறையாக எதிர்கொள்ளும் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் அந்த இரண்டாவது கேள்வியைக் கொண்டு வேலையைத் தொடங்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

எது இயல்பு, எது கவனிக்க வேண்டியது

இரண்டு, மூன்று வயதில் அழுது புரள்வது நோயல்ல. விருப்பங்கள் வந்துவிட்டன, அவற்றைச் சொல்லும் சொற்கள் இன்னும் வரவில்லை. ஆசையை அடக்கி நிறுத்துகிற மூளையின் முன்பகுதியோ முழுமையாக முதிர இருபது வயதைத் தாண்டிவிடும். ஆகவே அங்காடியில் இனிப்புக்காக அழும் பிள்ளையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

பிள்ளைக்கோ பிறருக்கோ காயம் ஏற்படும்போதும், ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட அடிக்கடியும் நெடுநேரமும் நிகழும்போதும், வயது கூடக் கூடக் குறையாமல் வளரும்போதும் கவனம் தேவை. இவற்றைவிட நான் கூர்ந்து பார்ப்பது வேறொன்று: குடும்பம் தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டுவிட்டதா? தேக்கா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்தியாயிற்று, கோயிலுக்குக் கணவனும் மனைவியும் மாற்றி மாற்றித் தனியாகப் போகிறார்கள், உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு மொய் மட்டும் போகிறது என்றால், "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்கும் கட்டம் கடந்துவிட்டது. முன்பு பேசிய சொற்களைப் பிள்ளை பேசாமல் விட்டுவிட்டாலோ, ஏற்கெனவே கற்ற திறன்களை இழந்தாலோ அது நடத்தைப் பிரச்சினையே அல்ல. தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டிய செய்தி.

முதல் படி: உடம்பைப் பாருங்கள்

நடத்தைக்கு மருந்து தேடுவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பாருங்கள். சொத்தைப் பல், காதில் தொற்று, பல நாள் மலச்சிக்கல், சொறியும் தோல் ஆகிய ஒவ்வொன்றையும் பேசத் தெரியாத பிள்ளை கடித்தும், தலையை முட்டியும், தட்டை வீசியும்தான் சொல்லும். முன்பு இல்லாத நடத்தை திடீரென்று தொடங்கினால் இந்த ஐயம் முதலில் வரவேண்டும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். திமிர் என்று வீட்டார் நினைத்தது கேட்கும் திறன் குறைவாக இருப்பதுண்டு.

அடுத்தது தூக்கம். மூன்று முதல் ஐந்து வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரமும், ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் தேவை. இரவு பதினொன்றரைக்குப் படுத்துக் காலை ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்துக்காக எழும் பிள்ளையின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் பிள்ளை தாமதமாகத் தூங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம்தான்; அப்பா வேலை முடிந்து வர ஒன்பதாகிறது, சாப்பாடு பத்துக்கு, தொலைக்காட்சி அதற்குப் பிறகும் ஓடுகிறது. திரை நேரத்தைப் பொறுத்தவரை சுகாதார அமைச்சின் அறிவுரை தெளிவானது: 18 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம், 18 மாதம் முதல் ஆறு வயது வரை பள்ளிக்கு வெளியே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை பள்ளிப் பாடவேலை நீங்கலாக இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. உறங்கும் நேரத்தை மட்டும் ஒழுங்குபடுத்தியதிலேயே பாதிச் சண்டை ஓய்ந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் படி: இரண்டு வாரம் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பள்ளிப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, "முன்னால்", "செய்தது", "பின்னால்" என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு முறையும் நாள், நேரம், இடம், உடன் இருந்தவர் ஆகியவற்றோடு மூன்று பத்தியையும் நிரப்புங்கள். பெரிதாக எழுத வேண்டாம்; இரண்டு வரி போதும். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். "முரண்டு பிடித்தான்" என்பது தீர்ப்பு. "தட்டைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான்" என்பதுதான் பதிவு.

மின்தூக்கிப் பையனின் அம்மா எழுதியதில் மூன்று வரிகளை நினைவிலிருந்து தருகிறேன்.

செவ்வாய், மாலை 5.20. முன்னால்: மின்தூக்கிப் பொத்தானை வேறொருவர் அழுத்தினார். செய்தது: தரையில் படுத்துக் கத்தினான், பாட்டியைக் கடித்தான், ஏறக்குறைய பத்து நிமிடம். பின்னால்: பாட்டி கீழே உள்ள மாமாக் கடைக்குத் (சிறு மளிகைக் கடை) தூக்கிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.

வியாழன், மாலை 5.40. முன்னால்: நடைபாதையில் பழுதுபார்ப்பு, வேறு வழியாகச் சுற்றிப் போனோம். செய்தது: நடக்க மறுத்தான், பையை வீசினான். பின்னால்: தூக்கிக்கொண்டேன், கைபேசி கொடுத்தேன்.

சனி, காலை 10.00. முன்னால்: பொத்தானை வேறொருவர் அழுத்தினார். செய்தது: சிணுங்கினான், ஒரு நிமிடத்தில் ஓய்ந்தான். பின்னால்: ஒன்றும் இல்லை.

மூன்றாவது வரியில்தான் விடை இருந்தது. அதே பொத்தான், அதே பையன். காலையில் ஒரு நிமிடச் சிணுங்கல், மாலையில் பத்து நிமிடப் புயல். பாலர் பள்ளியில் மூன்று மணிக்குச் சிற்றுண்டி முடிந்துவிடுகிறது, வீட்டில் சாப்பாடு ஏழு மணிக்கு. இடையில் பசி, களைப்பு, கூட்டம். நாள் முழுவதும் பிறர் சொன்னதையே செய்துவந்த பிள்ளைக்கு அந்தப் பொத்தான் ஒன்றுதான் தன் கையில் இருக்கும் காரியம். அதையும் ஒருவர் பறித்துவிட்டார். இவ்வளவும் கண்ணேறு என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்து கிடந்தது. எழுதாமல் இருந்திருந்தால் சனிக்கிழமைச் சிணுங்கல் யார் நினைவிலும் தங்கியிருக்காது. கத்திய நாள்தானே நினைவில் நிற்கும்?

மூன்றாம் படி: அவனுக்கு என்ன கிடைக்கிறது?

எழுதியவற்றை வரிசையாகப் படிக்கும்போது, நடத்தை பெரும்பாலும் நான்கு பயன்களில் ஒன்றைத் தருவது தெரியும். பிறருடைய கவனம் கிடைக்கிறது. விரும்பிய பொருளோ செயலோ கிடைக்கிறது. பிடிக்காத ஒன்றிலிருந்து தப்ப முடிகிறது. அல்லது உடம்பின் புலன்களுக்கு ஏதோ ஓர் இதம் கிடைக்கிறது. ஒரே நடத்தைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒரே பிள்ளை பாட்டியிடம் ஒன்றுக்காகவும் அப்பாவிடம் வேறொன்றுக்காகவும் அதையே செய்யலாம்.

பொருளுக்காக அழுவதை விளக்கவேண்டிய தேவையில்லை. கவனத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல். "சும்மா கவனத்தை ஈர்க்கத்தான் செய்கிறாள்" என்று சொல்லி நாம் ஒதுக்கிவிடுகிறோம். பசிக்கு அழும் பிள்ளையைப் பார்த்து "சும்மா சோற்றுக்குத்தான் அழுகிறாள்" என்று யாரும் சொல்வதில்லை. கவனமும் தேவைதான். அமைதியாக விளையாடும்போது திரும்பிப் பார்க்காமல், தம்பியைக் கிள்ளியவுடன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருகிறோம் என்றால், கிள்ளினால் அம்மா வருவாள் என்று கற்பித்தது நாமே.

தப்பித்தல்தான் நாம் அதிகம் தவறவிடும் காரணம். துணைப்பாட வகுப்பில் கணக்கு கடினமாக இருக்கிறது. பையன் பென்சிலை உடைக்கிறான், பக்கத்துப் பிள்ளையை உதைக்கிறான். ஆசிரியர் அவனை வெளியே உட்கார வைக்கிறார். அவருக்கு அது தண்டனை, பையனுக்கு விடுதலை. மறுநாள் பென்சில் இன்னும் சீக்கிரம் உடையும். தொடக்கநிலை ஒன்றில் பிள்ளை திடீரென்று முரடனாகிவிட்டான் என்று பெற்றோர் சொல்லும்போது, வாசிப்பு வருகிறதா என்றுதான் நான் முதலில் கேட்பேன். "எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்று முப்பது பேர் முன்னால் காட்டிக்கொள்வதைவிடக் கெட்ட பையன் என்று பெயர் வாங்குவது அந்த வயதில் எளிது.

புலன் காரணங்கள் நம் விழாக்களில் நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரம் சிராங்கூன் சாலையில் நெருக்கித் தள்ளும் கூட்டம், தைப்பூசத்தன்று மேள ஒலி, கழிவறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் திடீர் இரைச்சல், பட்டுப் பாவாடையின் சரிகை உரசல் ஆகியவை சில பிள்ளைகளுக்கு, குறிப்பாக மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ளவர்களுக்கு, உண்மையிலேயே தாங்க முடியாதவை. காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை நம்மை அவமானப்படுத்தவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது.

நான்காம் படி: புயலுக்கு முந்திய நேரத்தை மாற்றுங்கள்

காரணம் பிடிபட்டதும் நடத்தையோடு மோதாமல், அதற்கு முந்திய சூழலில் கை வையுங்கள். மின்தூக்கிப் பையனின் பாட்டி பாலர் பள்ளி வாசலிலேயே ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுக்கத் தொடங்கினார். வெளியே உள்ள பொத்தானை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம், உள்ளே நம் மாடியின் எண்ணை அழுத்துவது உன் வேலை என்று தினமும் கட்டடத்துக்குள் நுழைவதற்கு முன்பே சொல்லிவைத்தார். இரண்டும் பணச் செலவற்ற மாற்றங்கள்.

பொதுவாகப் பயன்படும் சில பழக்கங்கள் உண்டு. ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதுதான் பெரும்பாலான சண்டைகள் வெடிக்கின்றன. எனவே "இன்னும் இரண்டு முறை சறுக்கிவிட்டு வீட்டுக்குப் போகிறோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். "ஐந்து நிமிடம்" என்பது நான்கு வயதுக்குப் புரியாது. இரண்டு முறை என்பது புரியும். நாளின் வேலைகளைப் படங்களாக வரைந்தோ ஒளிப்படம் எடுத்தோ குளிர்பதனப் பெட்டியின் கதவில் வரிசையாக ஒட்டலாம். "முதலில் குளியல், பிறகு விளையாட்டு" என்று இரண்டு படம் மட்டும் கொண்ட அட்டை, நீண்ட அறிவுரையைவிட விரைவாக வேலை செய்யும். செய்யக்கூடாததைச் சொல்லாமல் செய்யவேண்டியதைச் சொல்லுங்கள்: "ஓடாதே" என்பதற்குப் பதில் "என் கையைப் பிடித்து நட". தேர்ந்தெடுக்கும் உரிமையை நீங்கள் ஏற்கக்கூடிய இரண்டு வழிகளுக்குள் கொடுங்கள்: நீலச் சட்டையா, சிவப்புச் சட்டையா?

பாராட்டையும் இதே படியில் சேர்க்கிறேன். "நல்ல பிள்ளை" என்றால் எதற்காக என்று பிள்ளைக்குத் தெரியாது. "மாமா பொத்தானை அழுத்தியபோது நீ காத்துக்கொண்டு நின்றாய்" என்று, அது நடந்த அதே நொடியில் சொன்னால் தெரியும். கண்பட்டுவிடும் என்று பிள்ளையைப் புகழாமல் இருக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. புகழ வேண்டாம், நடந்ததை அப்படியே சொல்லுங்கள், அதுவே போதும்.

ஐந்தாம் படி: மாற்று ஒன்றைக் கற்றுக்கொடுங்கள்

பிள்ளையிடமிருந்து ஒரு நடத்தையை எடுத்துக்கொண்டால், அதே பயனைத் தரும் வேறொன்றை அதன் கையில் கொடுத்தாக வேண்டும். 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடு உள்ள நான்கு பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். பாடம் கடினமானபோது முரண்டு பிடித்தவர்களுக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லவும், ஆசிரியரின் கவனம் குறைந்தபோது முரண்டு பிடித்தவர்களுக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நடத்தை வெகுவாகக் குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தைக் கற்பித்தபோது குறையவில்லை. இரண்டாம், மூன்றாம் படிகளைத் தாண்டிக் குதிக்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஓய்வு வேண்டிய பிள்ளைக்கு "தயவுசெய்து கொடுங்கள்" என்ற சொல் எதற்கு உதவும்?

பேசும் பிள்ளைக்கு "உதவி", "போதும்", "எனக்கு வேண்டாம்", "சத்தமாக இருக்கிறது" போன்ற சிறு சொற்கள் போதும். பேசாத பிள்ளைக்குக் கை அசைவோ, படம் போட்ட அட்டையோ கொடுக்கலாம். அமைதியாக இருக்கும் நேரத்தில் விளையாட்டுப்போல் பழக்க வேண்டும். கத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் பாடமும் ஏறாது. தொடக்க வாரங்களில் பிள்ளை "போதும்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் உடனே நிறுத்துங்கள். சொல்லைக் காட்டிலும் கடி விரைவாக வேலை செய்யும் என்றால் பிள்ளை கடிக்கத்தான் செய்யும்.

இங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளை தாமதமாகப் பேசினாலோ மதியிறுக்கம் என்று தெரியவந்தாலோ, குழப்பம் வேண்டாம் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். இருமொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. மாறாக, தடுமாறும் ஆங்கிலத்தில் நான்கு சொற்களை மட்டும் சொல்லும் பாட்டியால், தமிழில் பேசியபோது பிள்ளைக்குக் கொடுத்த கதையையும் ஆறுதலையும் கொடுக்க முடிவதில்லை. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள்.

புயலின் நடுவில்

எவ்வளவு தயாராக இருந்தாலும் அது வரும். வந்தபின் செய்யக்கூடியவை மிகக் குறைவு. பேச்சைக் குறையுங்கள், அந்த நேரத்தில் பிள்ளைக்கு நியாயம் கேட்கும் காது இல்லை. குரலைத் தாழ்த்தி, சற்றுத் தள்ளி, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து அமருங்கள். கூரான பொருள்களையும் மற்றப் பிள்ளைகளையும் அகற்றுங்கள். கட்டாயம் ஏற்பட்டாலன்றிப் பிடித்து அமுக்காதீர்கள். எம்ஆர்டி ரயிலில் நடந்தால் அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடையின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அடுத்த ரயில் சில நிமிடங்களில் வரும், பார்வையாளர்கள் வேறு ஆட்களாகியிருப்பார்கள். மாடி வீடுகளில் சன்னல் கம்பித் தடுப்பைப் பூட்டி, சாவியைப் பிள்ளைக்கு எட்டாத ஆனால் பெரியவர்கள் எல்லாரும் அறிந்த இடத்தில் வைப்பதை இன்றே செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இதுவரை கத்தினால் கிடைத்துவந்த கைபேசி இனிக் கிடைக்காது என்று முடிவு செய்தால், முதல் சில நாள்கள் கத்தல் கூடும். நெடுநாள் வேலை செய்த மின்விளக்குச் சுவிட்ச் ஒருநாள் வேலை செய்யாவிட்டால் நாமும் அதைத் திரும்பத் திரும்ப அழுத்துவோம் அல்லவா, அதைப்போல. அந்த நேரத்தில் மனம் இளகிப் பத்தாவது நிமிடத்தில் கொடுத்துவிட்டால், பத்து நிமிடம் கத்த வேண்டும் என்பதே பிள்ளை கற்கும் பாடம். தாக்குப்பிடிக்க முடியாது என்று தோன்றினால் தொடங்காதீர்கள். அல்லது முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிடுங்கள். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் இந்த முறையை வல்லுநர் துணையின்றிச் செய்யவே கூடாது.

ரோத்தான் (பிரம்பு) பற்றி

"அடியாத மாடு படியாது" என்று வளர்ந்தவர்கள் நாம். பெற்றோர் பிள்ளையைக் கண்டிக்கப் பிரம்பெடுப்பதைச் சிங்கப்பூர்ச் சட்டம் முழுமையாகத் தடை செய்யவில்லை. பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது சிறார், இளையர் சட்டத்தின்கீழ்க் குற்றம். சட்டத்தை விடுவோம். அடி அந்த நிமிடத்தில் நடத்தையை நிறுத்தும், அதனால்தான் நமக்கு அது பலித்ததுபோல் தோன்றுகிறது. அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்பதை அடி சொல்லித்தராது. கடித்த பிள்ளையை அடித்தால், கோபம் வந்தால் கை நீட்டலாம் என்பதுதான் கண்முன் நடந்த பாடம். ரோத்தானைக் கதவின் பின்னால் மாட்டிவைத்து மிரட்டும் வீடுகளில், அது இல்லாத பாலர் பள்ளியில் பிள்ளை இருமடங்கு கத்துவதை நான் கண்டிருக்கிறேன்.

வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி

அம்மா ஒரு மாதிரி, அப்பா ஒரு மாதிரி, பாட்டி வேறு மாதிரி என்றால் எந்தத் திட்டமும் நிற்காது. முடிவு செய்த மூன்று நான்கு விதிகளை ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். பணிப்பெண் இருந்தால் அவருக்கும் படங்களோடு விளக்குங்கள்; அவரைப் பிள்ளை அடிப்பதை "சின்னப் பிள்ளைதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பல மருமகள்களின் உண்மையான கவலை. நீங்கள் செய்வது தவறு என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். மின்தூக்கிப் பையனின் அம்மா சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது: "அத்தை, நீங்கள் அவனுக்கு வாங்கிக் கொடுப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுவதற்கு முன்னால் கொடுங்கள், அழுத பிறகு வேண்டாம்." பாட்டியின் கொடுக்கும் கை அப்படியே இருந்தது, நேரம் மட்டும் மாறியது. வாழைப்பழம் என்பது பாட்டியின் யோசனைதான்.

யாரிடம் போவது

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளையென்றால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குங்கள். பிறந்தபோது கொடுத்த சுகாதாரக் கையேட்டை எடுத்துச் செல்லுங்கள். அதில் வயதுவாரியான வளர்ச்சிப் பட்டியல் இருக்கிறது. மருத்துவர் தேவை என்று கருதினால் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ எழுதித் தருவார். பலதுறை மருந்தகத்தின் வழியாகப் போவதால் கட்டணக் கழிவு கிடைக்கும். காத்திருக்கும் காலம் நீளக்கூடும். அதனால்தான் மேலே சொன்ன படிகளை இப்போதே தொடங்கச் சொல்கிறேன். மதிப்பீட்டுக்குப் பிறகு, தேவைப்படும் பிள்ளைகள் பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் ஆதரவில் நடக்கும் ஆரம்பகால இடையீட்டுத் திட்டத்தில் சேர்க்கப்படுவார்கள். சில பாலர் பள்ளிகளிலேயே கற்றல் ஆதரவு கிடைக்கிறது. பள்ளித் தலைவரிடம் கேளுங்கள்.

தொடக்கப்பள்ளி வயதென்றால் முதலில் வகுப்பாசிரியர், அவர் வழியாகப் பள்ளியின் ஆலோசகரும் சிறப்புக் கல்வித் தேவைகளுக்கான அதிகாரியும். பள்ளிகளுக்கு உதவுவதற்கென்று மருத்துவமனைகளின் வட்டாரக் குழுக்கள் 'ரீச்' என்ற பெயரில் இயங்குகின்றன. பள்ளி ஆலோசகர் அவர்களை நாடலாம். ஆறு முதல் பதினெட்டு வயது வரையிலானோருக்கு மனநலக் கழகத்தின் சிறுவர் வழிகாட்டு மருந்தகம் இருக்கிறது. மிதமான அல்லது கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் 2019 முதல் கட்டாயக் கல்வி நீட்டிக்கப்பட்டுள்ளது. எனவே வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்ற முடிவைத் தனியாக எடுத்துவிடாதீர்கள்.

மருத்துவம் தேவையில்லை, குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கத் துணை வேண்டும் என்றால் உங்கள் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்துக்கோ, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கோ போகலாம். சிண்டாவில் தமிழில் பேசலாம் என்பது தாத்தா பாட்டிகளை அழைத்துப்போக வசதி. மருத்துவச் சந்திப்புகளுக்கு வேலையிடத்தில் விடுப்பு கேட்கத் தயங்காதீர்கள்: ஏழு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருந்தால், தகுதிபெறும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஆறு நாள் சம்பளத்துடன் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, ஏழு முதல் பன்னிரண்டு வயது வரை இரண்டு நாள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ தன்னைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டாலோ காத்திருக்க வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் 995; மனநலக் கழகத்தின் 24 மணி நேர எண் 6389 2222; தேசிய மனநல உதவிச் சேவையான 'மைண்ட்லைன்' எண் 1771. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் தாங்களே அழைத்துப் பேச, சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984 முதல் 'டிங்கில் ஃபிரெண்ட்' சேவையை நடத்துகிறது. எண் 1800 2744 788. பிள்ளையை அடித்துவிடுவோம் என்ற நிலைக்கு நீங்களே வந்துவிட்டாலும் 1771ஐ அழைக்கலாம். பிள்ளையைப் பாதுகாப்பான அறையில் விட்டு, வெளியே வந்து கதவருகில் நின்று பேசுங்கள்.

முதல் சந்திப்புக்கு நான்கு பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்: சுகாதாரக் கையேடு, பாலர் பள்ளி ஆசிரியர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு, கைபேசியில் எடுத்த இரண்டு மூன்று நிமிடக் காணொளி, மூன்று பத்தி நோட்டு. மருத்துவமனை அறைக்குள் பெரும்பாலான பிள்ளைகள் சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் சொல்வதை நம்புவது யாருக்கும் கடினமாகிவிடும், காணொளி அதற்குத்தான். காலைச் சந்திப்பு கிடைத்தால் வழக்கமான நேரத்தில் சாப்பாட்டையும் தூக்கத்தையும் முடித்துவிட்டுப் போங்கள். நோட்டில் கடைசிப் பக்கத்தை மட்டும் வேறு விதமாக நிரப்புங்கள்: பிள்ளைக்குப் பிடித்த பத்து விஷயங்கள். மின்தூக்கிப் பையனின் பக்கத்தில் முதலாவதாக இருந்தது எண்கள். மாடி எண்களைப் பதினெட்டு வரை வரிசையாகவும் தலைகீழாகவும் அவன் சொல்வான் என்று பாட்டி சொல்லச் சொல்ல அம்மா எழுதியிருந்தார்.